காற்றில்லாத அறையில் ஒரு வெறுங்கால்

பழுப்புக் காகிதத்தைப் பிரித்து ஓவியத்தை வெளியே எடுத்த பத்திரிகை ஆசிரியர் ஹார்கின்ஸ், அதைச் சமையலறை நாற்காலி ஒன்றின் மேல் சாய்த்து வைத்தார். ஹெஸ்டர் கையில் காப்பிக் கெண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டவை நிறங்கள். பெரிய இரும்புக் கோளம் ஒன்றின் உட்புறம், ஆரஞ்சும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது. அதன் நட்டநடுவில், எந்தச் சுவரும் எட்டாத தொலைவில், விண்வெளி உடையும் தலைக்கவசமும் அணிந்த ஒருவன் மிதந்துகொண்டிருந்தான். அவன் வலது கை எதையோ வீசியெறிந்த வேகத்தில் நீண்டிருந்தது. எறியப்பட்டது ஒரு பூட்ஸ். அதன் பிறகுதான் அவள் அவனுடைய காலைப் பார்த்தாள். இடது காலில் பூட்ஸ் இல்லை, காலுறையும் இல்லை. ஐந்து விரல்களும் ரோஜா நிறத்தில் தெளிவாகத் தெரிய, ஒரு வெறுங்கால்.

கெண்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றார் ஹார்கின்ஸ். "இந்த வருஷத்துலயே இதுதான் நல்ல அட்டை. அச்சும் ஆயாச்சு. வெர்னனுக்குக் காட்டணும்னுதான் அசலையே தூக்கிட்டு வந்தேன்."

அவள் கணவன் வெர்னன் முன்னறையில் இருந்தான். சமையலறையிலிருந்து பார்த்தால் ஜன்னலோரம் அவன் முதுகு தெரியும். ஜன்னலுக்கு வெளியே சரிவு, சரிவுக்குக் கீழே ரயில் பாதை, அதற்கும் கீழே ஹட்சன் நதி, அதில் மார்ச் மாதத்துப் பனிக்கட்டிகள். சக்கர நாற்காலியைத் தட்டச்சுப்பொறி மேசைக்கு நேர் எதிரே நிறுத்தி, பிரேக் போட்டு உட்கார்ந்திருந்தான். மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் பகலெல்லாம் அங்கேதான். இயந்திரத்தில் பாதி எழுதிய தாள் ஒன்று சுருண்டபடி அப்படியே இருந்தது. அதை அவனும் தொடவில்லை, ஹெஸ்டரும் தொடவில்லை.

அவர்கள் வேலை செய்யும் முறை அப்படி. வீட்டில் இயந்திரம் ஒன்று, எழுதுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் எழுதிக்கொண்டே போவார். கை ஓய்ந்ததும், வாக்கியத்தின் நடுவிலேயே ஆனாலும், எழுந்துவிடுவார். மற்றவர் வந்து உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு அந்த வாக்கியத்தை முடித்து மேலே போவார். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டிப் பேசக்கூடாது. உட்கார்ந்திருப்பவரை எழுப்பக்கூடாது. அவராக எழுந்தால்தான் உண்டு. இந்த இரண்டே விதிகளோடு பல வருடங்கள் கழிந்திருந்தன. எந்த வரி யாருடையது என்று சில சமயம் அவர்களுக்கே தெரியாது. ஆனால் எல்லாக் கதைகளின் தலைப்பிலும் பெயர் ஒன்றுதான்: வெர்னன் கேல்.

கல்யாணத்துக்கு முன்னால் ஹெஸ்டர் லிண்ட்க்விஸ்ட் என்ற தன் பெயரிலேயே அவள் எழுதியிருக்கிறாள். விண்வெளிக் கதை எழுதும் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. பெயர் அத்தனை தெளிவாக அச்சாகியிருந்தும் வாசகர் கடிதங்கள் 'அன்புள்ள ஐயா' என்றுதான் வந்தன. கல்யாணத்துக்குப் பிறகு முதல் கூட்டுக்கதையை வெர்னன் பெயரில் அனுப்பினார்கள், அந்தப் பத்திரிகைக்கு அவன் ஏற்கெனவே பழக்கம் என்பதால். அப்படியே நின்றுவிட்டது. பத்திரிகை உலகத்தில் இப்போது அவள் வெர்னனுக்குத் தட்டச்சு செய்து கொடுக்கிற மனைவி.

'வெற்றுக் கோளம்' மூன்று பாகத் தொடர். முதல் பாகம் கடைகளில் இருக்கிறது. இரண்டாவது அச்சாகிக் கட்டுக்கட்டாக லாரியில் ஏறிவிட்டது. மூன்றாவதில் இரண்டு பக்கங்கள் கூட நிறையவில்லை, அதற்குள் வெர்னன் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது.

"பாருங்க ஹெஸ்டர், நேரா விஷயத்துக்கு வர்றேன்," என்றார் ஹார்கின்ஸ். நல்ல மனிதர்தான். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்பிய ஆப்பிள் கேக்கில் ஒரு துண்டை மறுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள மூணாவது பாகம் கைக்கு வரணும். பர்னம்கிட்ட பேசிட்டேன். மளமளன்னு எழுதுவான். வெர்னன் குறிப்பு ஏதாவது வச்சிருந்தா எடுத்துக் கொடுங்க. சாயங்கால ரயில்ல போய் அவன் கையில சேர்த்துடறேன்."

"குறிப்புன்னு எதுவும் கிடையாதுங்க. நாங்க அப்படி எழுதுறதில்ல."

"நாங்களா?"

"மீதியை நான் எழுதறேன், மிஸ்டர் ஹார்கின்ஸ்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை தானே கார் ஓட்டுகிறேன் என்று சொன்னால் வருமே, அந்தச் சிரிப்பு. "உங்க டைப்பிங் தங்கமாச்சே, அது எனக்குத் தெரியாதா? ஒரு அடித்தல் இருக்காது. ஆனா இது கதைம்மா. அதுவும் இந்த மாதிரிக் கதை. நீங்க வெர்னனைப் பார்த்துக்குங்க, அதுவே பெரிய வேலை. முடிவு என்னன்னு நல்லவேளையா அவன் என்கிட்ட சொல்லிட்டான்."

"எப்ப சொன்னார்?"

"போன்லதான். அட்டைக்கு ஒரு காட்சி வேணும்னு ஓவியர் பிடுங்கி எடுத்துட்டார். அட்டைதான் முதல்ல அச்சாகும், கதை அப்புறம்னு உங்களுக்கே தெரியுமே. இவன் யோசிக்கவே இல்ல, சட்டுனு சொன்னான். ஹீரோ ரெய்க் நடுவுல மாட்டிக்கிட்டு மிதக்கறான். சுவர் எட்டல. பூட்ஸைக் கழட்டி ஒரு பக்கமா எறியறான், ஆள் மறுபக்கமா நகர்றான். போய் சுவர்ல இருக்கற வால்வைப் பிடிச்சுடறான். அபாரம்!"

ஹெஸ்டர் முன்னறைப் பக்கம் திரும்பினாள். வெர்னனின் முதுகு அசையவில்லை. ஆனால் அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும்.

"முன்னாடியே முடிவு பண்ணிட்டியா வெர்ன்?" என்றாள், குரலை உயர்த்தாமல்.

"சனியனே," என்றான் வெர்னன்.

அவனுக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பேச்சு மூளையில் ஓர் இடத்திலும் வசவு வேறோர் இடத்திலும் இருக்கும் போலிருக்கிறது என்று டாக்டர் விளக்கியிருந்தார். முதலாவது அழிந்தாலும் இரண்டாவது தப்பித்துக்கொள்கிறதாம். காலையில் காப்பி நன்றாக இருந்தால் சனியனே. கால் வலித்தால் சனியனே. தொனியை வைத்துத்தான் ஹெஸ்டர் பொருள் கண்டுபிடிப்பாள். இப்போதைய சனியனில் வெட்கம் இருந்தது.

தாளில் நின்றுபோன கடைசி வரி அவளுக்கு மனப்பாடம். 'சுவர் எந்தப் பக்கமும் எட்டவில்லை. எறிவதற்குக் கையில் எதுவும் மிச்சமில்லை. ரெய்க் குனிந்து தன்.' அதோடு சரி. அந்த 'தன்' எதைத் தேடிப் போனது என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். பூட்ஸ். ஹார்கின்ஸுக்குத் தெரியும், ஓவியருக்குத் தெரியும், பர்னமுக்கும் தெரிந்திருக்கலாம். இந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியவில்லை. ஆனால் அதையும் மிஞ்சிய ஒரு கவலை அந்த ரோஜா நிற விரல்களில் இருந்தது.

"மிஸ்டர் ஹார்கின்ஸ், அந்தக் கோளத்துக்குள்ள காத்து இல்லீங்க."

"என்ன?"

"இரண்டாம் பாகம் கடைசியில கதவு பிளந்து காத்து பூரா வெளியே போயிடுச்சு. சுத்த வெற்றிடம். அங்க காலைத் திறந்து போட்டுக்கிட்டு ஒருத்தன் எப்படி மிதப்பான்?"

ஹார்கின்ஸின் முள்கரண்டி தட்டில் இறங்கியது. அவர் முகத்தில் இருந்த ரத்தம் மெல்ல வடிவதை ஹெஸ்டர் பார்த்தாள். இந்தப் பத்திரிகையின் வாசகர்களை வெளியுலகம் அறியாது. காதலன் காதலி பெயரை மாற்றி எழுதினால் மன்னிப்பார்கள். செவ்வாய்க் கோளின் ஈர்ப்பை ஒரு புள்ளி கூட்டிச் சொன்னால் மன்னிக்க மாட்டார்கள். ஸ்கெனெக்டடி நகரத்தில் ஓர் இன்ஜினியர் இருக்கிறார், அவர் கடிதத்தோடு கணக்குப் போட்ட தாள்களையும் இணைப்பார். கடிதப் பகுதியில் அது அச்சாகும், பிறகு நாடு முழுக்க ஆறு மாதத்துக்குச் சிரிப்பார்கள். அதுவும் அட்டையிலேயே பிழை!

"காத்தை யார் வெளிய விட்டது?"

"நான்தான். வெர்ன் வாசல்ல பனி அள்ளப் போயிருந்தார். நான் உட்கார்ந்தேன். கதை தொங்குற மாதிரி இருந்துச்சு, அதனால கதவைப் பிளந்தேன். அவர் வந்து கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சார். காத்து போனது அதுக்கு முந்தின பக்கத்துல."

இப்போதாவது அவர் தன்னை நிமிர்ந்து பார்ப்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பார்க்கத்தான் செய்தார், பொங்கி வழிந்த பாலைப் பார்ப்பது போல.

"டைப் அடிக்கக் கொடுத்தா கதையில கை வைக்கறதா? அவன் உழைப்பை இப்படியா..." பாதியில் நிறுத்திக்கொண்டு எழுந்தார். "போன் எங்க இருக்கு?"

நடைவழியில் நின்று அவர் பர்னமிடம் பேசியது முழுவதும் கேட்டது. அதே நேரத்தில் ஹெஸ்டர் அன்றாட வேலைக்கு உட்கார்ந்தாள். வெர்னனுக்கு எதிரே தரையில் மண்டியிட்டு, செத்துப்போன அவனது வலது காலை மடியில் எடுத்து வைத்து, பாதத்துக்கு ஒன்றும் கணுக்காலுக்கு மேலே ஒன்றுமாகக் காலையில் சுற்றிய எலாஸ்டிக் துணிக் கட்டுகளில் கீழ்க்கட்டை முதலில் பிரித்தாள். அசையாத காலில் நீர் இறங்கித் தங்கிவிடும். அதனால் விரல்நுனியிலிருந்து மேல்நோக்கி இறுக்கிச் சுற்ற வேண்டும், ஒரு நாளில் இரண்டு முறை பிரித்துக் காற்றாட விட்டு மறுபடி சுற்ற வேண்டும். பிரித்து வைத்திருக்கும் கொஞ்ச நேரத்திலேயே பாதம் மாவு பொங்குவது போல உப்பத் தொடங்கும். கட்டியதும் அடங்கும்.

"சரிடா, சரிடா," என்றது நடைவழிக் குரல். "கோளத்துல காத்து திரும்ப வந்துடுச்சுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. பிரமாதம். நீ ஆரம்பிச்சுடு."

"அது சரிப்படாது!" ஹெஸ்டர் தரையிலிருந்தபடியே சத்தமாகச் சொன்னாள். "காத்து இருந்தா பூட்ஸ் எதுக்கு? மீன் மாதிரி கையைக் காலை அடிச்சே சுவருக்குப் போயிடலாமே! வாயால ஊதிக்கிட்டே போகலாம், லேட்டாகும், அவ்வளவுதான். காத்து இல்லேன்னாதான் தள்ள எதுவும் இல்ல. தன்கிட்ட இருக்கறதை எறிஞ்சாத்தான் நகர முடியும். பூட்ஸ் வேணும்னா காத்து இருக்கக் கூடாது. வெறுங்கால் வேணும்னா காத்து இருக்கணும். உங்க அட்டையில ரெண்டும் இருக்கு!"

பிறகு ஹார்கின்ஸ் தாழ்ந்த குரலில், "கேட்டுச்சா? ... ஆமா, அவங்கதான். ... என்னத்தைச் சிரிக்கற? அவங்க சொல்றது சரிதான்டா. ... சரி, நான் வர்றேன், நேர்ல உட்கார்ந்து ஏதாவது பண்ணுவோம்."

போனை வைத்துவிட்டு வந்தவர் மேலங்கியை மாட்டத் தொடங்கினார். சாயங்கால ரயிலுக்கு அதிக நேரமில்லை. சரிவில் இறங்கி நிலையத்துக்கு நடந்தாக வேண்டும். "கடைசித் தாள் அந்த மெஷின்ல இருக்கறதுதானே? அதை உருவிக் கொடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

ஹெஸ்டர் குனிந்து பார்த்தாள். அவள் மடியில் வெர்னனின் பாதம் இருந்தது. கட்டில்லாமல், வெறுமையாக, ரோஜா நிறத்தில். உப்பத் தொடங்கியிருந்தது. கணுக்காலுக்கு மேலே மிச்சம் சுற்றியிருந்த கட்டு மட்டும் இறுக்கமாக நின்றது. கட்டுக்கு மேலே கால் சாதாரணமாக, கட்டுக்குக் கீழே பொங்கிக்கொண்டு. அவள் கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, மெதுவாக நிறைந்தது.

"எரியுதா வெர்ன்?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

உடம்பை உருவத்தில் வைத்திருப்பது எலும்பும் தோலும் மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரியும். நம் மேல் இத்தனை காற்று அமுக்கிக்கொண்டே இருக்கிறது, உள்ளேயிருந்து உடம்பு எதிர்த்து அமுக்குகிறது. வெளியிலிருந்து அமுக்குவது இல்லாவிட்டால் உடம்பு வீங்கும். வீங்கும், அவ்வளவுதான். உடனே வெடித்துப்போவது சினிமாவில்தான். உடைக்குள் இருக்கும் மூச்சுக்காற்று வெளியே போகாமல் இருந்தால் போதும். அதாவது, கணுக்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினால் போதும்.

"இருங்க," என்றாள். கட்டைச் சுற்றாமலேயே எழுந்து நின்றாள். "மிஸ்டர் ஹார்கின்ஸ், இருங்க. வழி இருக்கு. அவன் இடுப்புல பாதுகாப்புக் கயிறு இருக்கு, முதல் பாகத்துலயே வருது. அதை அவிழ்த்து கணுக்காலைச் சுத்தி, உடைக்கு மேலேயே, ரத்தம் நிக்கற மாதிரி முடிச்சுப் போடறான். உடையில இருக்கற காத்து இனிமே கீழே இறங்காது. அப்புறம் பூட்ஸைக் கழட்டறான். பாதம் வீங்கும், வலி உயிர் போகும், ஆனா ஆள் சாக மாட்டான்."

"கால் போயிடாது?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். எறியறப்ப அவனுக்கே தெரியாது."

ஹார்கின்ஸ் ஒரு கையை மேலங்கிக்குள் விட்டபடி நின்றார். "ஏன் பூட்ஸ்? வேற எதையாவது எறிஞ்சா என்ன? ஸ்கெனெக்டடிக்காரன் கேப்பானே."

"காந்த பூட்ஸுங்க, அடிப்பாகம் பூரா இரும்பு. எறியறது எவ்வளவு கனமோ அவ்வளவு உந்தல். கையில இருந்ததெல்லாம் ஏற்கெனவே எறிஞ்சாச்சு. மிச்சம் இருக்கறதுல கனமானது அது ஒண்ணுதான்."

அவர் ஓவியத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கணுக்கால்ல கயிறு வரையலையே."

"உடையோட மடிப்பு அங்க கறுப்பா இருக்கு பாருங்க. கயிறுன்னா கயிறுதான்."

குனிந்து, மூக்கு படுமளவு கிட்டே போய்ப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் இருந்தது பாராட்டில்லை. தன் பர்ஸ் வேறொருவர் பையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தவரின் முகம் அது. "சொல்றது யாருக்கும் சுலபம்," என்றார். "எழுத்துல நிக்கணும். வெர்னன் கேல் எழுதின மாதிரி நிக்கணும். ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்க. ரயில் சத்தம் கேக்கறவரைக்கும் இருக்கேன். பிடிக்கலேன்னா தாளோட கிளம்பிடுவேன், வருத்தப்படக் கூடாது."

ஹெஸ்டர் முன்னறைக்குள் போய், வெர்னனின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வெர்ன். என் முறை."

எத்தனையோ முறை சொன்ன வார்த்தைதான். அப்போதெல்லாம் அவன் சோம்பல் முறித்து, முதுகை நெட்டி, அவளுடைய காதை ஒரு இழு இழுத்துவிட்டு எழுந்துகொள்வான். இப்போது நாற்காலி அசையவில்லை. இடது கை பிரேக்கின் மேல் இருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

"சனியனே," என்றான். இந்தத் தொனி அவளுக்குப் புதிது.

"தள்ளிட்டு உட்காருங்க," என்றார் பின்னாலிருந்து ஹார்கின்ஸ், கடிகாரத்தைப் பார்த்தபடி. "அவனுக்கென்ன தெரியப்போகுது."

"எல்லாம் தெரியும். அவரா விடணும்."

நாற்காலியைத் தள்ளுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. பழைய வீடு, தரை நதிப்பக்கத்திலிருந்து உள்சுவரை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தது. பிரேக்கை எடுத்துவிட்டால் தானாகவே உருளும். ஆனால் அவளால் முடியாது. இத்தனை வருடத்தில் அந்த விதி ஒன்றுதான் இரண்டு பேரையும் ஒரே ஆளாக வைத்திருந்தது. அதே சமயம் ஒரு கோபமும் ஏறியது. விதியை முதலில் உடைத்தவன் இவன்தானே? போனில் முடிவைச் சொன்னவன் இவன்தானே? அந்தக் கோபத்தோடுதான் குனிந்து அவன் காதருகே பேசினாள்.

"நீ எனக்குச் சொல்லாம முடிவு பண்ணினே. நான் உனக்குச் சொல்லாம காத்தைப் பிடுங்கினேன். சரிக்குச் சரி. கேளு. உன் பூட்ஸ் அப்படியே இருக்கு வெர்ன், நான் எடுக்கல. ஆனா அதைக் கழட்டறதுக்கு முன்னாடி அவன் ஒரு காரியம் பண்ணணும். பார்." அவன் பாதத்தைச் சுட்டினாள். அது இப்போது நன்றாக உப்பி, பளபளவென்று, யாருடையதோ போல நாற்காலியின் மிதியில் கிடந்தது. "பார், கட்டுக்கு மேல கால் எப்படி இருக்கு, கீழ எப்படி இருக்கு."

வெர்னன் தலையைத் தாழ்த்திப் பார்த்தான். அவன் தொண்டைக்குள் ஏதோ சத்தம் கிளம்பியது. அழுகிறானோ என்று ஹெஸ்டர் முகத்தை எட்டிப் பார்த்தாள். உதட்டின் ஒரு பாதி மட்டும் மேலேறியிருந்தது. கதையில் நல்ல இடம் ஒன்று அகப்பட்டுவிட்டால் அவனுக்கு வரும் சிரிப்பின் இடது பாதி.

"சனியனே," என்றான் மெதுவாக.

ஹார்கின்ஸ் மேலங்கியின் இன்னொரு கையையும் மாட்டிக்கொண்டுவிட்டார். தொலைவில், நதியின் வளைவுக்கு அப்பால், ரயில் முதல் முறை ஊதியது. நிலையத்துக்கு வருமுன் இன்னொரு தடவை ஊதும். ஹெஸ்டர் சமையலறைக்கு ஓடி, ஓவியத்தை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அது சாய்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொண்டுவந்தாளே ஒழிய வைக்க இடமில்லை. நாற்காலியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது.

வெர்னன் தன் நல்ல காலை மெல்லத் தூக்கி, மேசையின் காலில் ஊன்றினான். ஒரு கணம் அப்படியே இருந்தான். பிறகு உதைத்தான். அதிகப் பலமில்லை, இருந்த பலம் அவ்வளவுதான். மேசை கொஞ்சம் அதிர்ந்தது, இயந்திரத்தின் மணி கிணுங்கென்றது. சக்கர நாற்காலி பின்னால் நகர்ந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். சுருண்ட தாளைக் கையால் நீவினாள். 'ரெய்க் குனிந்து தன்' என்று அது காத்திருந்தது. பூட்ஸ் என்று அவன் மனதில் இருந்த சொல்லை அவள் விரல்கள் ஒதுக்கி வைத்தன. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. 'கணுக்காலைச் சுற்றி' என்று அடித்தாள். விசைகள் துருப்பிடித்தது போல் கனத்தன, பிறகு இளகின. கயிறு வந்தது, முடிச்சு வந்தது, பல்லால் கயிற்றை இழுக்க முடியாதபடி தலைக்கவசம் தடுத்தது, அதனால் அவன் இரண்டு கையாலும் இழுத்தான். ஹார்கின்ஸ் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதை, மூச்சில் இருந்த ஆப்பிள் வாசனையால் அறிந்தாள். கீழே ரயில் இரண்டாம் முறை ஊதியது. அவர் நகர்கிறாரா நிற்கிறாரா என்று பார்க்க அவள் திரும்பவில்லை.

இன்னொரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிடிப்பார் யாருமில்லாமல், சாய்ந்த தரையில், நிதானமாக உருண்டுகொண்டிருந்த சக்கரங்கள். வெர்னன் முகத்தை மேசைப் பக்கம் வைத்து, இடது கையை மடியில் போட்டுக்கொண்டு, வீங்கிய வெறுங்கால் முன்னே நீண்டிருக்க, அறையின் நடுவைக் கடந்து, பின்புறச் சுவரை நோக்கி மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தான்.